ஓசோன் எல்லாருக்கும்

“…எல்லாருக்கும் ஓசியாம்டி! அம்புட்டுப் பேருக்கும் ஓசியாம்! குண்டானோ சட்டியோ, கையில கெடச்சதைத் தூக்கிட்டு ஓடியா. வெள்ளைக்காரரே தன் வாயால சொல்லிப்புட்டாரு!”

இப்படிக் கூவிக்கொண்டே கண்மாய்க் கரைமேல் ஓடியவர் ஒரு கீரைக்கார அக்கா. தலையில் கூடை, கூடைமேல் ஈரத்துணி, இடுப்பில் ஒரு கை. ஓட்டத்தில் ஒரு கீரைக்கட்டுகூடச் சரியவில்லை. அறுபத்து மூன்றோ அறுபத்து நான்கோ, ஆண்டு சரியாக நினைவில்லை. ஆனால் சித்திரை பிறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. இடம், திண்டுக்கல்லிலிருந்து சித்தையன்கோட்டை போகிற பாதையில், தண்ணீர் வற்றி வண்டல் மாவாய்க் காய்ந்து கிடந்த ஒரு கண்மாய். நான் என்னுடைய பழைய வாடகைக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, அறுந்து தொங்கிய சைலன்சரைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா கூவியது காதில் விழுந்ததும் சிரித்துக்கொண்டேன். காலம் அப்படி. அரிசிக்கு வரிசை, சீனிக்கு வரிசை. எப்போதாவது மாதா கோயிலில் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் வந்து இறங்கும். பெரிய பெரிய மரப்பெட்டி, மேலே அயல்நாட்டு எழுத்து. சேதி காதில் விழுந்தால் போதும், அடுப்பில் இருக்கிறதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடுவார்கள். எங்கேயோ இன்றைக்கு யாருக்கோ யோகம் அடித்திருக்கிறது என்று நினைத்தபடி கம்பியை முறுக்கினேன்.

முறுக்கிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. இந்தப் பொட்டல் வெளியில் வெள்ளைக்காரர் என்று இருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் என் காரில் வந்தவர். அவர் பக்கத்திலும் அயல்நாட்டு எழுத்துப் போட்ட ஒரு மரப்பெட்டி இருந்தது!

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நார்வே நாட்டுக்காரர். வெயிலை அளக்கிற விஞ்ஞானி. கொடைக்கானல் மலைமேல் சில நாள் அளந்துவிட்டு, சமவெளியிலும் அளக்க வேண்டும் என்று இறங்கி வந்தார். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அவ்வளவாகக் கிடையாது. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை மலைக்கு ஏற்றிப் போய் ஏற்றிப் போய், அவர்கள் சீட்டில் விட்டுப் போன பழைய பேப்பரை எழுத்துக் கூட்டி, இங்கிலீஷைக் கொத்திக் கொத்திப் பொறுக்கியவன். வண்டியில் ஏறுகிறவரிடம் பேச்சுக் கொடுக்காமல் ஸ்டியரிங் பிடிக்க எனக்கு வராது. இவரிடமும் முதல் நாளே கேட்டுவிட்டேன்: “ஏன் சார், குளுகுளுன்னு இருக்கிற நாட்டை விட்டுட்டு இந்த வேகாத வெயில்ல வந்து வேகுறீங்க?”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சூரியனிடமிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருகிறதாம். புற ஊதாக் கதிர். அளவாகப் பட்டால் எலும்புக்கு நல்லது. மிஞ்சினால் தோலைச் சுட்டுவிடும், கண்ணைப் பொசுக்கிவிடும். அது மொத்தமும் நம் தலையில் கொட்டிவிடாமல், ஆகாயத்தில் வெகு உயரத்தில் ஓசோன் என்று ஒரு வாயு தடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊருக்கு மேலே அந்த ஓசோன் மெல்லிசு. ஆனால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அவர் ஊர் வடக்கே, பூமியின் உச்சந்தலைக்குப் பக்கத்தில். அங்கே ஓசோன் கனம்தான், ஆனால் நிலைகொள்ளாது. அதிலும் குளிர் முடிந்து வெயில் திரும்புகிற மாதங்களில் இன்றைக்குத் தடிப்பாக இருக்கும், நாலு நாளில் இளைத்துப் போகும். கீழே தரையெல்லாம் வெண்பனி வேறு. விழுகிற வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி முகத்திலேயே திருப்பி அடிக்கும்.

“என் மகள் பனிமேல் விளையாடிவிட்டு வந்தாள். கண் இரண்டும் வீங்கி, ராத்திரி முழுக்கத் துடித்தாள்,” என்றார். “முந்தின வாரமும் அதே பனி, அதே சூரியன், அதே விளையாட்டு. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்? அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

அதற்கு எங்கள் ஊர் எதற்கு என்று கேட்டேன். ஆசாரி தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்க்கிற மாதிரி, அவருடைய கருவியை உரசிப் பார்க்க மாறாத வெயில் உள்ள ஓர் இடம் வேண்டுமாம். சித்திரை பிறந்த கையோடு சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த உச்சிப் பொழுதில், தூசியில்லாத இடத்தில், அளவு எடுத்துவிட்டால் போதும். கருவியை நம்பலாம். நம்பினால், ஊருக்குப் போய் எந்த நாளில் பிள்ளைகளை எச்சரிக்க வேண்டும் என்று சொல்லலாம்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது, போங்கள். பிறந்ததிலிருந்து ‘பாழாப்போன வெயில்’ என்று திட்டிய வெயில், ஒரு நாட்டுக்கே உரைகல்லா!

ஆனால் உரைகல் கைக்கு அகப்பட வேண்டுமே. வந்த நாளிலிருந்து தினமும் காலையில் பளிச்சென்று காய்கிற வானம், உச்சி நேரம் பார்த்துச் சிறுமலைப் பக்கமிருந்து மேகத்தைக் கொண்டுவந்து மூடிவிடும். நான் சொல்கிற நாள் கடைசி நாள். சாயங்காலம் கொடை ரோட்டில் ரயில், அங்கிருந்து சென்னை, கப்பல். அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

சரி, காருக்கடியில் கிடந்த கதைக்கு வருகிறேன். தட்டுத் தடுமாறி வெளியே வந்தேன். மனிதர் கண்மாய்க்குள் போட்டிருந்த மடக்கு மேஜைமேல் கருவியை வைத்துவிட்டு, அது சூடேறாமலிருக்கத் தன் தொப்பியைக் கழற்றி அதற்கு மாட்டியிருந்தார். வெறுந்தலை. கழுத்தும் காதும் வெந்த இறால் மாதிரி சிவந்திருந்தன. முகத்தில் மட்டும் பெரிய சந்தோஷம்.

“ஒரு அம்மாள் வந்து என்னமோ கேட்டார். என்ன செய்கிறேன் என்று கேட்டிருப்பார். நான் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டேன்!”

“என்ன சொன்னீங்க சார்?”

அவர் விரலை வானத்தில் காட்டினார். பெட்டியைக் காட்டினார். இரண்டு கையையும் அகல விரித்து, “ஓசோன்… எல்லாருக்கும்!” என்றார்.

அந்த ‘எல்லாருக்கும்’ நான் சொல்லிக் கொடுத்தது. முந்தின நாள் டீக்கடையில் ‘எல்லாருக்கும் டீ’ என்று நான் சொன்னதைக் கேட்டு, நல்ல வார்த்தை என்று பிடித்துக்கொண்டார். ஓசோனோ, அவர் வாயில் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு ‘ஓசோ’ என்றுதான் வரும். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். நம் ஆட்கள் காதில் ‘ஓசோ எல்லாருக்கும்’ என்று விழுந்தால் வேறு என்னவாக விழும்?

விளக்கிச் சொல்ல நேரமில்லை. கரைமேல் தலைகள் முளைத்தன. முப்பது நாற்பது பெண்கள் இருப்பார்கள். பித்தளைக் குண்டான், அலுமினியச் சட்டி, மண்பானை, ஒரு பெண் கையில் குழம்புக் கறையோடு வாணலி. கரையிலிருந்து சரிவில் ஓடி இறங்கினார்கள் பாருங்கள், கண்மாய் வண்டல் அப்படியே எழும்பியது! மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. விஞ்ஞானி கருவியில் கண்ணை வைத்தார். முள் கிடந்து ஆடியது. “தூசி! தூசி!” என்று அலறினார், அவர் பாஷையில்.

நான் கார் பானெட்மேல் ஏறி நின்று, வாய்க்கு வந்தபடி கத்தினேன். “நில்லுங்க! இது பால் பவுடர் இல்ல! இவரு வெயிலை அளக்க வந்தவரு!”

பித்தளைக் குண்டானோடு முன்னால் நின்றவர், கீரைக்கார அக்காவின் நாத்தனார், மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

“ஏ மதினி! வெயிலை அள்ளிட்டுப் போகவா என்னைய இம்புட்டுத் தூரம் ஓட விட்ட? எங்க வீட்டுக் கூரையில ஓட்டை இல்லன்னு நெனச்சியா?”

“உலை கொதிக்கக் கொதிக்க எறக்கி வச்சுட்டு வந்தேன்டி பாவி,” என்றார் வாணலிக்காரர்.

“ஆளுக்கு ரெண்டு படி வெயில் வாங்கிட்டுப் போங்கடி. ரேஷன் கார்டு வேண்டாமாம்!” என்றார் இன்னொருவர்.

சிரிப்பும் வசவும் ஒன்றாகக் கிளம்பியது. கோபித்துக்கொண்டு சிலர் திரும்பி நடக்க, அடங்கப் போன புழுதி மறுபடி எழுந்தது. என் கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டைத் தொடப் போகிறது. எங்கள் ஊருக்கு நிஜமான உச்சி பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் இந்தப் புழுதி அடங்குமா? மனிதர் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கீரைக்கார அக்கா ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு விஞ்ஞானியையே பார்த்தபடி நின்றார்.

“ஏன் தம்பி, அந்த ஆளு இடி விழுந்த மாதிரி உக்காந்துட்டாரு?”

சொன்னேன். ஓசோன், கதிர், பனி, ரயில், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். தலைக்கூடையை இறக்கி, கீரைமேல் போட்டிருந்த ஈரத்துணியைத் தொட்டார்.

“அப்ப அது வானத்துக்கு ஈரத்துணி. இல்லைன்னா கீழ இருக்கிறதெல்லாம் வதங்கிப் போகும். அம்புட்டுத்தான?”

“அம்புட்டுத்தான்க்கா! நமக்கு மேல மெல்லிசுத் துணி, ஆனா எப்பவும் அதே துணி. அவுக ஊர்ல ஒரு நாள் நாலு மடிப்பு, ஒரு நாள் ரெண்டு மடிப்பு. எந்த நாள் மடிப்புக் கொறையுதுன்னு தெரியாம பிள்ளைக கண்ணு வீங்கிப் போகுதாம். இவரு பொண்ணுக்கே அப்படி ஆயிருச்சு.”

“எம்புட்டுப் பிள்ளை?”

“ஏழெட்டு வயசு இருக்கும்னு நெனைக்கிறேன்.”

அக்கா திரும்பினார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. “எவளும் ஓரடி எடுத்து வைக்கப்படாது! நின்ன எடத்துலயே நில்லுங்கடி!”

“ஏன் மதினி, இன்னும் என்ன ஓசியில குடுக்கப் போற?” என்றார் நாத்தனார்.

“பிள்ளை கண்ணு விஷயம்டி. அப்புறமா என்னைய வையி, உக்காந்து கேக்குறேன். கையில குண்டான் இருக்கு. அந்தா கமலைக் கெணத்துத் தொட்டியில தண்ணி நெறஞ்சு கெடக்கு. விடிஞ்சா வாசத் தெளிக்கிற கைதான? இந்த மேசையைச் சுத்தித் தெளிங்க. காலைத் தேய்ச்சு நடக்காம, தூக்கித் தூக்கி வச்சு நடங்க!”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் நகர்ந்தது யார் தெரியுமா? அந்த நாத்தனார்தான். முணுமுணுத்துக்கொண்டே போய்க் குண்டானை முக்கினார். அப்புறம் எல்லாரும். மக்காச்சோள மாவுக்கும் பால் பவுடருக்கும் ஏந்திய பாத்திரங்களில் தண்ணீர் வந்தது. குண்டானை இடுப்பில் இடுக்கி, வலது கையால் அள்ளி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டித் தெளிப்பார்களே, அந்தத் தெளிப்பு! குடமாய்க் கொட்டினால் சேறாகும். இது பூ விழுகிற மாதிரி விழுந்து, புழுதியை அப்படியே தரையோடு அமுக்கியது. மேஜையைச் சுற்றி வட்டம் வட்டமாக ஈரம் விரிந்தது. மண்வாசம் கிளம்பியது.

விஞ்ஞானி எழுந்து நின்று வாயைப் பிளந்தார். “என்ன செய்கிறார்கள்?”

“வாசல் தெளிக்கிறாங்க சார்.”

“யார் வீட்டு வாசல்?”

“உங்க வீட்டு வாசல்னு வச்சுக்குங்களேன்.”

“கோலம் போடணுமா மதினி?” என்று ஒரு குறும்புக்காரி கேட்டாள். “வாயை மூடு, கோலப்பொடியும் தூசிதான்!” என்று அக்கா அதட்ட, அத்தனை பேரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றார்கள்.

புழுதி அடங்கிவிட்டது. முள் நின்றுவிட்டது. இனி என்ன என்று நிமிர்ந்தால், சிறுமலைப் பக்கமிருந்து வழக்கம்போல வந்துவிட்டது மேகம்! சூரியன்மேல் படிந்து, கண்மாயெல்லாம் நிழல் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் ‘அப்பாடா’ என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்திருப்பார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்து, “போ, போ, அந்தப் பக்கம் போ,” என்று மேகத்தை விரட்டினார்கள். ஆயுசுக்கும் வெயிலைத் திட்டிய வாய்கள், “வாய்யா, வந்து காயி,” என்று கெஞ்சின. விஞ்ஞானி ஒரு கையால் கருவியின் குழாயைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மேகத்தில் ஒரு கிழிசல் தெரிந்தது. நீல வானம், நம் பக்கம்தான் நகர்ந்து வருகிறது. இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் “ம்மே” என்று ஒரு சத்தம்.

ஆட்டு மந்தை! உச்சிப் பொழுதுக்குக் கிணற்றுத் தொட்டியில் தண்ணீர் குடிக்க இறங்குகிறது. ஆட்டுக்காரர் எந்த மரத்தடியில் படுத்திருந்தாரோ, ஆளையே காணோம். மந்தைக்கும் தொட்டிக்கும் நடுவில் நாங்கள். ஈரம் பட்டது எங்கள் காலடி மட்டும்தான். அந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்த மாவு. அத்தனை குளம்பும் அதை மிதித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஓடிப் போய் விரட்டவும் முடியாது, ஓடினால் நாமே புழுதி கிளப்புவோம். கத்தினால் மந்தை மிரண்டு சிதறும்.

கீரைக்கார அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். முட்டைமேல் நடக்கிற மாதிரி, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, எதிர்க்கரையைப் பார்த்து நடந்தார். நாக்கை மடித்து “ப்ரூ… ப்ரூ…” என்று மெல்லக் கூப்பிட்டார். முன்னால் வந்த கிடா நின்று காதை விடைத்தது. அக்கா ஒரு கீரைக்கட்டை எடுத்து அதன் முன்னால் போட்டார். அரைக்கீரை. அடுத்தது தண்டுக்கீரை. அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. ஊருக்குள் தெருத் தெருவாய் விற்கப் போக வேண்டிய கீரை, அவர் வீட்டு அன்றைய உலை, கட்டுக் கட்டாக ஆட்டு வாய்க்குள் போனது. ஒரு ஆடுகூட நகரவில்லை. குனிந்த தலை குனிந்தபடி நின்று மென்றன.

மேகம் கிழிந்தது. வெயில் இறங்கியது பாருங்கள், உருக்கி ஊற்றிய மாதிரி! தற்செயலாகக் குனிந்தேன். என் நிழலைக் காணோம்! காலுக்கடியில் ஒடுங்கி ஒளிந்துகொண்டிருந்தது. யாருக்கும் நிழல் இல்லை. குண்டான்களுக்கும் நிழல் இல்லை. விஞ்ஞானி கண்ணைக் கருவியில் வைத்து எண்களைச் சொல்லத் தொடங்கினார். நான் பென்சிலால் குறித்தேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள். இடுப்பிலிருந்த ஒரு கைக்குழந்தை சிணுங்கப் போனது. அதன் ஆத்தாள் கட்டைவிரலை வாயில் வைத்துவிட்டாள். கருவியின் கண்ணாடியை மாற்றி ஒரு முறை, மறுபடி மாற்றி ஒரு முறை. மறுபடி ஒரு முறை. எங்கோ ஆடு கீரையை மெல்லுகிற ‘கறுக் முறுக்’ சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மேகம் வந்து மறுபடி மூடியபோது, அவர் நிமிர்ந்தார். அந்த வளர்ந்த மனுஷன், படித்த மனுஷன், இரண்டு காலையும் தூக்கிக் குதித்தார்! “கிடைத்தது! கிடைத்தது!” நான் அதைத் தமிழில் கத்தினேன். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த சிரிப்பும் பேச்சும் குலவையுமாக வெடித்தது கண்மாய். குண்டான்களைத் தட்டினார்கள். இனித் தூசி எழுந்தால் என்ன? எழட்டும்!

“எது கெடச்சுச்சோ இல்லையோ, எங்க வீட்டுக்கு ஒரு குண்டான் தண்ணி கெடச்சுச்சு. வெறுங்கையோட போகல,” என்று நாத்தனார் தொட்டியில் குண்டானை முக்கி எடுத்தார். “ஏ மதினி, அடுத்த வாட்டி ஓசின்னு கூப்புடு, கண்டிப்பா வாரேன். இது மாதிரி கூத்து காசு குடுத்தாலும் கெடைக்காது.”

எதிர்க்கரையிலிருந்து அக்கா வெறும் கூடையோடு வந்தார். துணி மட்டும் கையில் இருந்தது. என்ன நடந்தது என்று நான் சொன்னதும் விஞ்ஞானியின் முகம் மாறியது. சட்டைப் பைக்குள் கையை விட்டார். அக்கா பார்த்த ஒரு பார்வையில் கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டார். தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார்: “எல்லாருக்கும்…”

“ஆமாமா, எல்லாருக்குந்தான். எனக்குத்தான் மொதல்லயே சொன்னீகளே,” என்றார் அக்கா.

சாயங்காலம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவர் சொன்னார்: “இனி என் கருவியை நம்புவேன். ஊருக்குப் போய் ஒவ்வொரு காலையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன், இன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், இன்றைக்கு வேண்டாம் என்று.” அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளையின் கண் பிழைத்ததோ, எனக்குத் தெரியாது.

பல வருஷம் கழித்து, தென் துருவத்துக்கு மேலே ஓசோன் இளைத்து ஓட்டை விழுந்திருக்கிறது, யார் யார் தலையில் எவ்வளவு கதிர் இறங்குமோ என்று பேப்பரில் எழுதினார்கள். படித்தவர்கள் படம் போட்டு விளக்கினார்கள். யாருடைய வானமோ மெலிந்தால் யாருக்கு என்ன என்று சிலர் பேசிக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு எந்தப் படமும் மனதில் நிற்பதில்லை. கண்ணில் காணாத ஒரு நாட்டுப் பிள்ளைக்காகத் தன் கூடையை ஆட்டுக்குக் கொட்டிய அந்த அக்காதான் வந்து நிற்கிறார். அன்றைக்குக் கிளம்பும் முன் விஞ்ஞானியின் அந்தச் சிவந்த வெறுந்தலையை ஒரு தடவை பார்த்து, கையிலிருந்த ஈரத்துணியை ஒன்றுக்கு இரண்டாக மடித்து அதன்மேல் போட்டு, “இந்தாங்க, இது நெசமாவே ஓசி,” என்று சொல்லிவிட்டு, வெறும் கூடையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வெயிலோடு வெயிலாகக் கரையேறி நடந்தார்.